கண் மஞ்சளான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய நகரத்தில் வசிக்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என் கணவருக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தது. அதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. மஞ்சள் காமாலை என்று சொல்லி மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். எங்கள் தெருவில் மேலும் ஐந்தாறு வீடுகளில் இதே கதை. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன மாதம் டைபாய்டு. நாங்களோ ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வேறு எதுவும் குடிப்பதில்லை. காமாலைக்கு ஒரு வாரம் முன்பு ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாடுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்கிறார். தீபாவளிக்கு மறுவாரம் பெய்த மழையில், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் நிரம்பித் தெருவே நாறியது. அப்போது வீட்டில் எல்லோருக்கும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்து, தானாகச் சரியாகிவிட்டது. இப்போது கணவருக்குக் கீழாநெல்லி கொடுத்து வருகிறேன். மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் தொற்றுமா? நிலத்தடித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைசியில் கேட்டிருக்கும் மருமகளைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். மற்றவையெல்லாம் ஒரு நாள் காத்திருக்கும், அது காத்திருக்காது.

தண்ணீர் வழியாக வரும் காமாலைக்கு முக்கியமாக இரண்டு வைரஸ்கள் காரணம்: ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் ஈ. பெயரிலும் அறிகுறியிலும் உடன்பிறப்புகள் போலத் தோன்றினாலும், கர்ப்பிணி விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஏ வகை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். ஈ வகையும் உங்கள் கணவரைப் போன்றவர்களுக்கு அப்படித்தான். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு ஈ வகை வந்தால் கல்லீரல் சட்டென்று செயலிழக்கும் அபாயம் உண்டு. அந்தக் கட்டத்தில் நோய் வந்தவர்களில் 20 முதல் 25 விழுக்காட்டினர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. 1978-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பெரும் காமாலைப் பரவல் ஏற்பட்டபோது, மருத்துவர் முகமது சுல்தான் குரூ இதைக் கண்ணெதிரே கண்டு பதிவு செய்தார். இது அதுவரை அறியப்படாத வேறொரு கல்லீரல் அழற்சி என்ற முடிவுக்கு அவர் வந்ததில் கர்ப்பிணிகளின் மரணங்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே நாளைக் காலையில் செய்ய வேண்டியது இது. உங்கள் கணவரின் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ இரண்டுக்கும் ஐ.ஜி.எம். சோதனை (அண்மையில் தொற்றியது எது என்று காட்டும் இரத்தச் சோதனை) செய்யச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி. எந்த வைரஸ் என்று தெரிந்தால் மருமகள் விஷயத்தில் எவ்வளவு விழிப்பு தேவை என்பது தெரிந்துவிடும். மருமகளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் 'வீட்டில் ஒருவருக்கும் தெருவில் ஐந்தாறு பேருக்கும் காமாலை' என்ற செய்தியை இன்றே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிக்கு வாந்தி, சோர்வு, பசியின்மை என்றால் 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம்' என்று நம் வீடுகளில் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டு மாதங்களுக்கு அந்த வாசகத்தை உங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, காரணமில்லாத காய்ச்சல் வந்தாலோ அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பேச்சு குழறுதல், பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருத்தல், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்பும் மாதம்தானே இது? அந்த ஊர்த் தண்ணீர் நன்றாக இருந்தால், இந்த முறை சற்று முன்னதாகவே அனுப்புங்கள். ஆனால் அனுப்பிவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஏன் என்பதற்குத்தான் உங்கள் கடிதத்தின் மற்ற பகுதிக்கு வருகிறேன்.

உங்கள் கணவர் கல்யாணச் சமையற்காரரைச் சும்மா விட்டுவிடலாம். ஹெப்படைட்டிஸ் ஈ வைரஸ் வாய்க்குள் போன நாளிலிருந்து நோயாகத் தலைகாட்ட 2 முதல் 10 வாரங்கள் ஆகும். ஐந்தாறு வாரம் என்பது வழக்கம். ஏ வகைக்கு இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம். கல்யாணம் நடந்தது கண் மஞ்சளாவதற்கு ஒரு வாரம் முன்பு. காய்ச்சலோ அதற்குள்ளாகவே தொடங்கிவிட்டது. பந்தியில் சாப்பிட்டு இரண்டு மூன்று நாளில் கல்லீரல் அழற்சி வருவதற்கு வழியே இல்லை. இலையில் உட்காரும்போதே கிருமி அவர் உடம்பில் பல வாரங்கள் குடியிருந்திருக்கிறது.

அப்படியானால் எங்கே தேடுவது? கார்த்திகை தீபத்துக்கு மறுநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து வாரம் பின்னால் போனால் தீபாவளிக்கு மறுவாரம் வருகிறது. மழை பெய்து, பள்ளம் நிரம்பி, தெரு நாறி, வீட்டில் எல்லோருக்கும் வயிறு கெட்டுத் 'தானாகச் சரியாகிவிட்ட' அதே வாரம். பதிலை நீங்களே எழுதிவிட்டு, அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போயிருக்கிறீர்கள்.

பக்கத்து வீட்டுப் பையனின் டைபாய்டும் இதே கணக்கில் உட்காருகிறது. சாக்கடை நீர் குடிநீரில் கலக்கும்போது ஒரே ஒரு கிருமி மட்டும் தேர்ந்தெடுத்து வருவதில்லை. ஊரில் யார் யார் குடலில் எது இருக்கிறதோ அத்தனையும் வரும். ஒவ்வொன்றும் தன் தன் தவணையில் நோயாக வெளிப்படும். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவும் சில குடல் வைரஸ்களும் ஒன்றிரண்டு நாளில் வயிற்றைக் கலக்கிவிடும். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள். டைபாய்டு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம். காமாலை வருவதற்குள் மழையையே எல்லோரும் மறந்துபோயிருப்பார்கள். முதலில் தெரு முழுக்க வயிற்றுப்போக்கு, பிறகு அங்கங்கே விடாத காய்ச்சல், அதற்கும் பிறகு மஞ்சள் கண். இந்த வரிசையில் ஒரு தெருவே விழுந்தால், ஐந்து வாரத்துக்கு முன் குழாயில் என்ன நடந்தது என்பதுதான் சுகாதாரத் துறையில் இருக்கும் எங்களுக்கு முதல் கேள்வி.

மருமகள் கணக்கும் இதுதான். அந்த மழை நாளில் அவரும் அதே தண்ணீரைப் புழங்கியிருக்கிறார். எனவே பத்து வாரம் கண்காணிக்க வேண்டும். குழாய் இன்னும் சரிசெய்யப்படவில்லை என்றால், மழை நாளிலிருந்து எண்ணக் கூடாது; பாதுகாப்பான தண்ணீருக்கு அவர் மாறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். தாய்வீட்டில் இருந்தாலும் இந்தக் கணக்கு அவரோடு போகும்.

இனி ஆர்.ஓ. இயந்திரம். அதன் சவ்வு நல்ல நிலையில் இருந்தால் பாக்டீரியா மட்டுமல்ல, வைரஸும் பெரும்பாலும் தாண்டாது. ஆனால் அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் நான் பார்த்தவரை டம்ளருக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் மட்டும்தான். இட்லி ஆவியில் வெந்துவிடும். எந்தக் கிருமியும் அதில் பிழைக்காது. பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னியை எந்தத் தண்ணீர் விட்டு அரைத்தீர்கள்? மிக்சி ஜாரைக் கழுவிய கையோடு சமையலறைக் குழாயைத் திறந்து அரை டம்ளர் விட்டிருப்பீர்கள். சாம்பார் கொதித்து இறங்கியபின் மேலே தூவும் கொத்தமல்லியை அலசியது எதில்? நீர்மோர் கலக்கியது, வெள்ளரிக்காய் கழுவியது, பல் துலக்கி வாய் கொப்பளித்தது, டம்ளரைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தது எல்லாமே நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏறி வந்த தண்ணீரில்தான். நோய் தர ஷிகெல்லாவில் நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். அரை டம்ளர் சட்னித் தண்ணீர் அதற்குத் தாராளம்.

இன்னொன்று. ஆர்.ஓ. வடித்த தண்ணீரில் குளோரின் இருக்காது. உள்ளே இருக்கும் கார்பன் வடிகட்டி அதை எடுத்துவிடும். ஆகையால் இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியில், திறந்த குடத்தில், கைவிட்டு மொள்ளும் பாத்திரத்தில் ஒரு முறை கிருமி சேர்ந்தால் அதைத் தடுக்க அந்தத் தண்ணீரில் எதுவும் இல்லை. சவ்வை மாற்றிய தேதி இயந்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும். அது அழிந்து போயிருந்தால், மாற்றும் நாளும் போயிருக்கும்.

கிருமி உள்ளே வந்த வழியைப் பார்ப்போம். நகராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும்போது தண்ணீர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நம் ஊர்களில் குழாய் நாள் முழுக்க ஓடுவதில்லை. ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை ஒன்றிரண்டு மணி நேரம். ஓடும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால் விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். நின்றதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது அதே விரிசல் வழியாக வெளியே இருப்பது உள்ளே போகும். வெளியே இருப்பது ஈரமண் என்றால் கலங்கல். சாக்கடை என்றால் உங்கள் தெருவின் கதை. நம் தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் பெரும்பாலும் சாக்கடையைக் குறுக்கே கடந்துதான் வாசலுக்கு வருகிறது, பல இடங்களில் சாக்கடை நீருக்குள் முழுகியபடியே. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது மண்வெட்டியோ இயந்திரமோ அந்தக் குழாயை ஓரிடத்தில் லேசாகத் தட்டியிருந்தாலும் போதும்.

இதற்கு மேல் நாமே செய்துகொள்ளும் கேடுகள் இரண்டு உண்டு. அழுத்தம் போதவில்லை என்று வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி வைப்பது ஒன்று. தண்ணீர் நின்றதும் அந்தப் பள்ளத்தில் மழைநீரும் கழுவிய நீரும் தேங்கி, குழாயின் வாய் அதற்குள் முழுகிக் கிடக்கும். மறுபடி வெற்றிடம் உண்டானால் அந்த நீர் அப்படியே தெருக் குழாய்க்குள் போய்விடும். மற்றொன்று, இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. அது சட்ட விரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் வராது என்பதும் தெரியும். சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறோம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் வீட்டில் இவற்றில் எதுவும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நகராட்சியிடம் போவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். பேசும்போது குரல் கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும்.

குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டுவது பழைய பழக்கம். அதில் ஒரு காலத்தில் பெரும் பயன் இருந்தது. நரம்புச் சிலந்திப் புழு நீர்ப்பூச்சி ஒன்றின் வயிற்றில் இருந்து மனிதனுக்கு வந்தது. துணி அந்தப் பூச்சியைத் தடுத்துவிடும். படிக் கிணறுகளை மாற்றியமைத்தும் தண்ணீரைத் துணியில் வடிகட்டவைத்துமே, தடுப்பூசியோ மருந்தோ இல்லாமல் இந்தியா அந்த நோயை ஒழித்தது. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. வங்கதேசத்தில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததும் ஆய்வில் பதிவானது. காலராக் கிருமி நுண்ணிய நீருயிர்களில் ஒட்டிக்கொண்டு வருவதே காரணம். ஆனால் காமாலை வைரஸுக்குத் துணியின் இழை இடைவெளி பெரிய நெடுஞ்சாலை. நாள் கணக்கில் மாற்றாத ஈரத்துணியோ தானே ஒரு கிருமிப் பண்ணை.

பிளீச்சிங் பவுடர் போடலாம், போட வேண்டும். ஆனால் அதனால் எது முடியும், எது முடியாது என்பதைத் தில்லியில் நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். 1955 நவம்பரில் யமுனை வெள்ளத்துக்குப் பின் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் பின்னோக்கி ஏறி, வஜீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. அங்கிருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள், குளோரின் அளவைக் கூட்டினார்கள். அதனால் நகரத்தில் டைபாய்டோ சீதபேதியோ அதிகரிக்கவில்லை. எல்லாம் சமாளித்தாயிற்று என்று தோன்றியிருக்கும். டிசம்பரில் காமாலை தொடங்கியது. ஜனவரிக்குள் 29,000 பேருக்கும் மேல் கண் மஞ்சளானது. பாக்டீரியாவை அடக்கிய குளோரின், கலங்கல் நீரில் மறைந்து வந்த வைரஸை அடக்கவில்லை. அப்போது சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது அது ஹெப்படைட்டிஸ் ஏ அல்ல என்று தெரிந்தது. இன்று அதை ஈ என்கிறோம்.

ஆகவே முதலில் கலங்கலைப் போக்குங்கள். தொட்டியை முழுக்க வடித்து, அடியில் படிந்த சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலால் கழுவி, அரை மணி நேரம் விட்டு, அந்த நீரையும் வெளியேற்றுங்கள். ஆழமான தொட்டிக்குள் ஒருவரைத் தனியாக இறக்காதீர்கள். மேலே ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு நுரையீரலை எரித்துவிடும். பிறகு புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்ற கணக்கில் போடுங்கள். 5000 லிட்டர் தொட்டி என்றால் 20 கிராம். பொடியை அப்படியே கொட்டக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, இன்னும் நீர் விட்டுக் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது வெறும் சுண்ணாம்பு. ஊற்றி அரை மணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். போன வருடம் பிரித்து, வாய் கட்டாமல் மாடிப்படிக்கடியில் கிடக்கும் பையில் மணம் இருக்கும், வீரியம் இருக்காது. புதிதாக வாங்குங்கள்.

போட்டது போதுமா என்பதை மூக்கால் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டி இருக்கும். குழாய் நீரில் சில துளி மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதைப் பெட்டியின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வைரஸ் பரவும் காலத்தில் 0.5 வேண்டும். உங்கள் தெருவில் இப்போது 0.5-தான் கேட்க வேண்டும்.

குளோரினுக்கும் அசையாத கிருமிகள் உண்டு. அமீபாவின் கூட்டுறை, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் எல்லாம் வழக்கமான அளவைச் சட்டை செய்வதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முறையாகக் குளோரின் கலந்த தண்ணீர் வழியாகவே கிரிப்டோஸ்போரிடியம் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்தது. இவை அனைத்துக்கும் ஒரே பதில் அடுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். இருபது நிமிடம் கொதிக்கவிட்டுக் கேஸைச் செலவழிக்க வேண்டாம். சீரகம் போட்டாலும் போடாவிட்டாலும் வேலை செய்வது கொதிப்புதான். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடம் எதில் கழுவியது என்ற கேள்வி வந்துவிடும். எடுப்பதற்கு நீண்ட காம்புள்ள கரண்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். தெருவில் புதிய காமாலை நின்று இரண்டு மாதம் ஆகும்வரை குடிக்க, சட்னி அரைக்க, மோர் கலக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் இதுதான். மருமகளுக்கு இதில் ஒரு வேளை கூட விலக்கு இல்லை.

கீழாநெல்லி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காமாலையை அது குணப்படுத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நோய் தானாகவே இறங்கும். அப்போது கையில் இருந்த மருந்துக்குப் பெயர் கிடைக்கும். அழற்சியுற்ற கல்லீரலுக்கு எந்த மூலிகையும், எந்த மாத்திரையும் கூடுதல் சுமைதான் என்பதால் நிறுத்திவிடச் சொல்வேன். மருமகளுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. உப்பில்லாப் பத்தியம் தேவையில்லை. பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். மது மட்டும் பல மாதங்களுக்கு ஆகாது. காமாலைக்கு நல்லது என்று கரும்புச் சாறு வாங்கிக் கொடுப்பார்கள். சாலையோரத்தில் அதில் உடைத்துப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் அவருடைய மருத்துவர் உறுதி செய்துகொள்ளட்டும். வைரஸ் காமாலையில் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். மஞ்சளோடு காய்ச்சலும் தொடர்ந்து, கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலித்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது வாய் வழியாக வருவதைவிட, எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நடக்கும்போது காலில் உள்ள வெடிப்பு வழியாக ஏறுவதே அதிகம். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உடனே தேவை, ஓய்வு போதாது. மழை நீடிக்கும் வரை வீட்டில் யாரும் தெருத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

கணவருக்குத் தனித் தட்டு, தனிப் படுக்கை எல்லாம் அவசியமில்லை. கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதுவும் வாளியில் கைவிட்டு அல்ல, ஓடும் தண்ணீரில். சில வாரங்களுக்குச் சமையலறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவேளை மகிழ்ச்சியே அடைவார். ஈ வகை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகத் தொற்றுவது குறைவு. ஏ வகை வீட்டுக்குள் எளிதாகப் பரவும். சோதனையில் ஏ என்று வந்தால் வீட்டிலுள்ள மற்றவர்கள் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள். தொற்று நேர்ந்து இரண்டு வாரத்துக்குள் போட்டால்தான் அது பயன்படும். ஈ வகைக்கு அப்படி நம் மருந்துக் கடைகளில் வாங்கிப் போடக்கூடிய தடுப்பூசி இல்லை.

கடைசியாகத் தெரு. உங்கள் தொட்டியை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த விநியோகத்தில் அதே தண்ணீர் மறுபடி வந்து நிரம்பும். ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்: யாருக்கு, எந்தத் தேதியில் கண் மஞ்சளானது, அதற்கு முன் எப்போது வயிற்றுப்போக்கு, எந்தத் தண்ணீர், வாசல் குழாய் பள்ளத்தில் இருக்கிறதா. வேறு கர்ப்பிணி இருக்கிறாரா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். 'தண்ணீர் சரியில்லை' என்று நகராட்சியில் எழுதிக் கொடுத்தால் அது ஒரு கோப்பில் சேரும். பத்து வீடுகளின் தேதிகளோடு கொடுத்தால் எந்த வளைவில் குழாயைத் தோண்டிப் பார்ப்பது என்று பொறியாளருக்கே வழி தெரியும். அதை நகராட்சிப் பொறியாளருக்கும் நகர்நல அலுவலருக்கும் சேர்த்தே கொடுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம்.

தண்ணீர் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம். அதற்கென்று கிருமி நீக்கிய புட்டியை அவர்களிடமே வாங்கி, அவர்கள் சொல்லும் முறையில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். வீட்டுக் குளிர்பானப் போத்தலில் கொண்டுபோனால் போத்தலின் முடிவுதான் வரும். 100 மில்லிலிட்டரில் இ.கோலை என்ற குடல் பாக்டீரியா ஒன்று கூட இருக்கக் கூடாது. அது இருந்தால் மலக்கழிவு கலக்கிறது என்று பொருள். இல்லை என்று வந்தாலும் கொதிக்கவைப்பதை நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சோதனை இன்றைய தண்ணீரைப் பற்றிச் சொல்லும். தீபாவளி வாரத்துத் தண்ணீரை அது பார்த்ததில்லை. தண்ணீர் திறந்துவிடும் முதல் ஐந்து நிமிடத்தில் வருவதைப் பிடித்துக் கொடுத்தால், குழாய் காலியாக இருந்தபோது உள்ளே புகுந்தது சிக்க வாய்ப்பு அதிகம். அந்த முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

கணவரின் சோதனை முடிவு வந்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மருமகளின் பேறுகாலப் பதிவேட்டிலேயே செருகி வையுங்கள். தாய்வீட்டு ஊரில் நள்ளிரவில் பார்க்கப்போகும் மருத்துவருக்கு இந்தத் தெருவின் கதை தெரியாது.